காரணம்: பல்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

நீ சுகமா என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. என் மகள் செத்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அவளைக் கொன்ற உன் கொழுந்தன் இன்னும் உன் வீட்டில்தான் சாப்பிடுகிறான். உன் கையால்தான் பரிமாறுகிறாய். உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நீ தைக்கப் போகிற கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். நீ பத்து வரை படித்தவள், கூட்டி வாசித்துக்கொள்.

போலீஸ் பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாளாம். அதுவரைக்கும் நன்றாக இருந்தாளாம். கீழே உன் கையெழுத்து. சுழித்துச் சுழித்து அழகாகப் போட்டிருக்கிறாய்.

பல் காலேஜ் லேபில் நான் பதினொரு வருஷமாகக் கண்ணாடி கழுவுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறார்கள் என்று நீ கேட்டதில்லை. வாய்க்குள் இருக்கிற கிருமிகளை வளர்க்கிறார்கள். ஈறு அழுகிப் பல் ஆடிப் போகிறதே, அந்த வியாதியின் கிருமிகள். நேற்று டாக்டரம்மா, "இங்க வாங்கக்கா, ஒரு வேடிக்கை காட்டறேன், மனசு கொஞ்சம் மாறும்" என்று கூப்பிட்டார்.

ஒரு குழாயில் நல்ல கிருமி. பல்லில் முதலில் குடி வருவது அதுதான், யாருக்கும் தொந்தரவு இல்லை. இன்னொன்றில் கெட்டது. ரத்தம் சேர்த்த தட்டில்தான் அதை வளர்க்கிறார்கள், கருப்பாகப் படரும், அந்த நாற்றம் சாப்பாட்டு வேளை வரைக்கும் மூக்கை விடாது. இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் குலுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. சோப்புத் தண்ணீர் மாதிரி கலங்கலாகவே இருந்தது. பிறகு மூன்றாவதாக ஒன்றைக் கொஞ்சம் விட்டார். அது ஊசி மாதிரி நீளமான கிருமியாம். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் திரிந்த பால் மாதிரி கட்டிக் கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நடுவுல வந்தவன் ஒரு கையால நல்லதப் பிடிச்சுக்கறான், இன்னொரு கையால கெட்டதப் பிடிச்சுக்கறான். அவன் இல்லாட்டி இந்தக் கெட்டதுக்கு அந்த வீட்ல எடமே கெடைச்சிருக்காது."

குழாயைக் கையில் வாங்கினேன். கீழே போட்டு உடைத்துவிட்டேன். அதில் உன் மூஞ்சிதான் தெரிந்தது. "என் கொழுந்தனுக்கு உன் பொண்ணக் குடுக்கா, நான் இருக்கேன்ல" என்று என் வாசலுக்கு வந்து நின்றவள் நீதானே?

கிருமியைக் கொல்ல இங்கே ஒரு பெரிய இரும்புப் பாத்திரம் இருக்கிறது. மூடியைத் திருகி நீராவியை விட்டால் இருபது நிமிஷத்தில் உள்ளே உயிர் என்று ஒன்று மிஞ்சாது. தினமும் அவன் தலையை உள்ளே வைத்துத்தான் திருகுகிறேன். சில நாள் உன் தலையை.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தைத் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தேன். பிறகு துணித் துண்டுகளோடு கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. என் பையை என் வீட்டுக்காரர் கொட்டிப் பார்க்கிறார்.

கையெழுத்து அழகாக இருந்தது என்கிறாய். நான் போடும்போது அவர் என் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தை அசைக்க முடியாவிட்டால் கையெழுத்து நன்றாகத்தான் வருகிறது.

நான் கேட்டு வந்தேன், உண்மைதான். உன் மகளுக்கு நல்லது செய்கிறேன் என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்த வீட்டில் எனக்கென்று ஒருத்தி வேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் இப்படி இருந்தால் தம்பி எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. உன் மகள், நம்ம முயல், வந்தால் வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன், அக்கா. கேட்டது. முன்பல் இரண்டும் எட்டிப் பார்க்க, "சித்தி, என்னை முயல்னு கூப்பிடாதீங்க, அப்புறம் உங்க துணியெல்லாம் கடிச்சு வெச்சுருவேன்" என்பாள்.

என்னை நீ எது வேண்டுமானாலும் சொல். ஆனால் அன்றைக்கு மத்தியானம் நான் எங்கே ஓடி வந்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நானும் எழுதவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி நீதிபதி முன்னால் வரச் சொல்லி எனக்குத் தாள் வந்திருக்கிறது. "எழுதிக் குடுத்தத அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாறுச்சு, உன்னையும் அந்தக் குளியலறையிலதான் எடுப்பாங்க" என்கிறார் என் வீட்டுக்காரர்.

தங்கச்சி


மார்ச் 15

தங்கச்சிக்கு,

உனக்கு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் அவன் வாயைப் பார்த்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை லேபில் குழாய் அடுக்குகிற ஸ்டீல் தாங்கியின் கால் ஒன்று விட்டுப் போய்விட்டது. வெல்டிங் பற்ற வைத்து வரச் சொன்னார்கள். பற்ற வைக்கிற கடைக்குப் போகிற வழியில்தானே அவன் வண்டி ரிப்பேர் கடை. வேறு வழியாகவும் போகலாம். நான் போகவில்லை.

நாலைந்து பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க அத்தை, உக்காருங்க. டீ சொல்லட்டா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

மரியாதையாகப் பேசினான், கேட்டாயா. அவன் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை அழுதுவிட்டு வந்திருப்பேன். சிரித்துக்கொண்டு ஸ்டூல் போட்டான். வாயில் எல்லாப் பல்லும் இருந்தது.

தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து வாயில் அடித்தேன். முதல் அடியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்து எத்தனை என்று தெரியாது. ஏதோ தெறித்துக் கிரீஸ் தட்டில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "பல்லு... பல்லு..." என்றான். விரல் சந்தெல்லாம் ரத்தம்.

"பால்ல போடுடா. ஒரு மணி நேரம் தாங்கும்" என்றேன்.

அங்கே நின்ற ஒருத்தன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பிறகு என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. அவன் போட்ட ஸ்டூலிலேயே உட்கார்ந்து போலீஸ் வரும்வரை இருந்தேன்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரம்மா, "எத்தனை அடிம்மா?" என்று எழுதக் கேட்டாள். "எண்ணலம்மா. எம் பொண்ண அடிச்சத அவன் எண்ணினானா?" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே கொண்டு வந்தார்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கை வலிக்கிறது, அவ்வளவுதான். உன்னை ஏதாவது செய்தார்களா? அது மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இப்போது நீதான் கூட்டி வாசிக்க வேண்டும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையை அவர் கதவுச் சந்தில் வைத்துச் சாத்தினார். மூன்று விரல். "உங்கக்கா கணக்கு இது" என்றார். நீ அங்கே அடித்தது இங்கே வந்து விழுந்தது. கம்பெனியில் இப்போது பட்டன் பொறுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை போல. அதனால் நீ எழுதாததை நான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அவன் முயலின் முன்பல்லை உடைத்தான். பல் வேரோடு வந்துவிட்டது. அவள் உன்னிடம்தான் வந்தாள். நீ அதைப் பாலில் போட்டாய், உன் காலேஜில் திரும்ப வைத்துக் கம்பி கட்டினார்கள், இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டது. அவளை அழைத்துப் போக நான் வந்தபோது அவள் உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் போகல" என்றாள். நீ கண்ணாடியை அவள் முன்னால் நீட்டி, "பாருடீ, முன்ன மாதிரியே இருக்கு, யாருக்கும் தெரியாது" என்றாய். என்னிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தாய். பல் விழுந்தால் கழுவாதே, வேரைத் தொடாதே, பாலில் போடு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வா. அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவில்லை. பல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொன்னாய்.

ஜனவரி பத்தொன்பது, மத்தியானம், அதே பல் திரும்ப விழுந்தது. நான் எடுத்தேன். டம்ளரில் பால் ஊற்றிப் போட்டேன். முயல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தலை கனக்குது சித்தி" என்றாள். "இரு, பல்லக் குடுத்துட்டு உடனே வந்துடறேன்" என்று ஈரத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். பால் சிந்தக் கூடாது என்று ஒரு கையால் மூடிக்கொண்டு ஓடினேன், அக்கா.

நீ லேப் வாசலுக்கு வந்தாய். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, "வேர் நல்லாயிருக்கு" என்றாய். தலையைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நடுவில் நின்று ஒட்ட வைத்தவள் நான் என்று எழுதினாயே. நான் ஒருத்திதானா?

தங்கச்சி


மார்ச் 24

தங்கச்சி,

நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நீ எழுதினது எல்லாம் சரி. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு நான் பல் டாக்டரைத் தேடி மூன்று மாடி ஏறினேன். கடைசியில் ஒருத்தர் கிடைத்தார். டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பல்ல மட்டும் கொண்டு வந்தா எதுல நடறது? ஆள் எங்க?" என்றார். ஆள் எங்கே என்று அவர்தான் கேட்டார். பெற்றவள் கேட்கவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. லேபுக்குள் வெளி ஆள் வந்தால் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். நீ அவசரத்திலும் போட்டிருக்கிறாய். ஜனவரி 19, மூன்று நாற்பது. யாரைப் பார்க்க: அக்கா. காரணம்: பல். பக்கத்தில் பால் சொட்டிக் காய்ந்த கறை. போலீஸ் பேப்பரில் ஏழு மணி வரை நன்றாக இருந்தாள் என்று இருக்கிறதே, இந்த ஒரு வரி போதும் அதைப் பொய்யாக்க. அறுத்துப் பார்த்த டாக்டரும் மண்டைக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்து மணிக்கணக்கு ஆகியிருக்கும் என்றுதான் எழுதியிருக்கிறாராம்.

அந்த நோட்டு காணாமல் போய்விட்டதாக வாட்ச்மேன் தேடிக்கொண்டிருக்கிறார். எடுத்தவள் நான். முயலை எரித்த மறுநாளே எடுத்துக் கழுவுகிற தொட்டிக்கு அடியில் செருகிவிட்டேன். அவனைக் காட்டிக் கொடுக்கிற தாள் அதுதான் என்று தெரியும். ஆனால் அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது பார். என் மகள் செத்துக்கொண்டிருந்தபோது நான் எதற்கு மாடி ஏறினேன் என்று ஊருக்கே வாசித்துக் காட்டுவார்களே. அந்த வெட்கத்துக்காக அவனை இத்தனை நாள் வெளியே விட்டேன். விட்டுவிட்டு உன்னைத் திட்டிக் கடிதம் எழுதினேன். தாங்கியால் முதலில் அடிக்க வேண்டியது என் வாயில்தான்.

நேற்று டாக்டரம்மாவிடம், "ஒட்டினது ஒட்டினதுதானா?" என்று கேட்டேன். ஒரு குழாயைக் காட்டினார். நடுவில் வந்த அந்த ஊசிக் கிருமி கெட்டதோடு கட்டியாகி அடியில் கிடந்தது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். பாலில் இருக்கிற சர்க்கரையாம். கட்டி கரைந்து திரும்பக் கலங்கலாகிவிட்டது.

"நடுவுல இருக்கவனோட கை இந்தச் சர்க்கரையால நெறஞ்சிரும்க்கா. கெட்டத விட்டுரும்."

"அப்ப நல்லதையும் விட்டுருமா?"

"இல்ல. அதப் பிடிச்சிருக்கது வேற கை. இந்தச் சர்க்கரைக்கெல்லாம் விடாது."

நான் படிக்காதவள். இதில் நமக்கு ஏதாவது இருக்கிறதா என்று தெரியாது. விடுகிற கை வேறு, விடாத கை வேறு என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

ஆறாம் தேதி நோட்டைக் கொண்டு வருவேன். ஆனால் நீ வாய் திறந்தால்தான் அது பேசும். ஏன் பல்லோடு ஓடினாய் என்று கேட்பார்கள். அக்கா சொல்லிக் கொடுத்தாள் என்று சொல். அவளைத் திருப்பி அனுப்பினதும் அக்காதான் என்று சொல். சேர்த்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

என்னை எதிர்பார்க்காதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆறாம் தேதி அவர் கூடவே வருவார். அவனும் வருவான். மூன்று பேரும் ஒரே வண்டியில் போகப் போகிறோம். நான் நடுவில் உட்கார வேண்டும்.

ஆனால் நான் பார்த்ததை ஒரு தடவையாவது எங்காவது எழுதி வைக்க வேண்டும். வாயால் சொல்ல வராவிட்டாலும்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனில் யாரிடமோ பெரிய ஆள் மாதிரி பேசினான். சொல்லில் ஒன்று தப்பாக வந்தது. முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடினாள், அக்கா. மூடியும் தெரிந்துவிட்டது.

"என்னடீ பல்லக் காட்டுற?"

"இல்லங்க, சும்மா..."

தலைமுடியைப் பிடித்து என் தையல் மெஷின் விளிம்பில் இடித்தான். மூன்று தடவை. முதல் தடவையில் பல் போனது. அடுத்த இரண்டு தடவை பல்லுக்கு இல்லை. மெஷினில் நான் பாதி தைத்த துணி மாட்டியிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் சக்கரம் தானாகச் சுற்றி, ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தது. பிறகு அவன் வந்து உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். நான் கீழே தேடினேன். ரத்தத்தைத் துடைக்கவில்லை, அவளைத் தூக்கவில்லை. முதலில் பல்லைத் தேடினேன். மெஷின் மிதிக்கு அடியில் கிடந்தது.

திரும்பி வந்தபோது ஐந்து மணி. அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்றேன். கதவைப் பூட்டிக்கொண்டார்கள். "தூங்கினா சரியாயிரும்" என்றார்கள். தூங்கினாள்.

அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. அதில் கோணலாக ஒரு மூன்று அங்குலம் தையல். பிரிக்க மனம் வரவில்லை.

தங்கச்சி


ஏப்ரல் 9

தங்கச்சி,

உன்னை எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்களாம். அவன் ஆட்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அன்றைக்குப் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாளே ஒரு போலீஸ்காரம்மா, அவளே இதைக் கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீ பேச மாட்டாய் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் நீ நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டதும் நீ எழுந்து, அவர்களைப் பார்க்காமல், கட்டுப் போட்ட கையால் இடுப்பிலிருந்து அந்தத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாயே. அப்போது உன் வீட்டுக்காரர் பாதி எழுந்தார். உட்காரச் சொன்னார்கள். நீ திரும்பியே பார்க்கவில்லை.

அவனுடைய வக்கீல் கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

"தலையில அடிபட்ட பொண்ண விட்டுட்டு, ஒரு பல்ல எடுத்துக்கிட்டு ஓடினேன்னு சொல்றீங்க. யாராவது நம்புவாங்களாம்மா?"

"நம்ப மாட்டாங்க சார். ஆனா நாங்க அப்படித்தான் செஞ்சோம்."

நாங்க என்றாய். நான் எழுந்து நின்று, "ஆமாங்கய்யா, நானுந்தான்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நீதிபதி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நோட்டை நீட்டினேன். அவர் அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். மூன்று நாற்பது. காரணம், பல். அந்த அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன்.

அவனையும் உன் வீட்டுக்காரரையும் உள்ளே வைத்துவிட்டார்கள். கேஸ் இனிமேல்தான். வருஷக்கணக்கில் இழுக்குமாம். வண்டியில் ஏற்றும்போது அவன் என்னைப் பார்த்து ஏதோ திட்டினான். முன்னால் பல் இல்லாததால் காற்றுதான் வந்தது. நான் அவனை அடித்ததற்கும் கேஸ் இருக்கிறது. கூப்பிடும்போது போவேன். நான்தான் அடித்தேன் என்று சொல்வேன். மறைத்து வைத்தது போதும்.

பல்லைப் போலீஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். லேபில் ஒரு சின்னக் குழாயில் போட்டு வைத்திருந்தேன். கொடுக்கும்போது வேரைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

உன் டம்ளரை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அது கழுவுகிற தொட்டிக்கு மேலே அலமாரியில் எண்பது நாளாக இருந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு குழாய் கழுவுகிறவள் நான். அதை மட்டும் கழுவ முடியவில்லை. பால் காய்ந்து அடியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. இன்று காலையில் எடுத்தேன். வெந்நீரில் ஊறப் போட்டேன், தேய்த்தேன், திரும்பவும் தேய்த்தேன். வந்துவிட்டது. விளிம்பில் உன் வீட்டுக்காரர் பேர் வெட்டியிருக்கிறது, அது போகவில்லை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன்னை விட்டதும் நேராக இங்கே வா. ஒரு கட்டில்தான் இருக்கிறது. முயல் பிடித்துக்கொண்ட கால் சுவர்ப் பக்கம், அந்தப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன். டம்ளரைத் திருப்பித் தர மாட்டேன். இங்கே நீ தண்ணீர் குடிக்க ஒன்று வேண்டுமே.

வரும்போது என்னை அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடி. ஆனால் வா.

அக்கா